மருந்தை விட்டால்தான் இடமா?

மருந்தை நிறுத்து, இல்லையேல் மூட்டையைக் கட்டு! அமெரிக்காவில் போதைப் பழக்கத்தை விட்டவர்கள் கூடித் தங்கும் விடுதிகள் பலவற்றில் இன்றும் இதுதான் சட்டம். இந்தச் சட்டம் ஆளைக் கொல்லும் என்று நாம் கூறுகிறோம்.

யார் இவர்கள்? மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் முதுகொடிய உழைத்தவர்களும் இவர்களில் உண்டு. வலியோடு மறுநாள் ஷிப்டுக்குப் போக வேண்டுமே! மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 1996-ல் பர்டியூ கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற அபினி வகை மாத்திரையை இறக்கியது. இதற்கு எளிதில் அடிமையாக மாட்டார்கள் என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது. 2007-ல் கம்பெனித் தரப்பும் மூன்று உயர் அதிகாரிகளும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டினர். மூவரில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. மாத்திரை கிடைக்காத தொழிலாளியோ ஹெராயினுக்குப் போனான். பின்னர் ஃபென்டானில் வந்தது. 2021-ல் மட்டும் போதைப் பொருள் அளவு மீறி அந்நாட்டில் மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

இதற்கு வைத்தியம் இல்லாமலில்லை. 1960-களின் நடுவிலேயே நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கினர். நாக்குக்கடியில் கரைய வைக்கும் புப்ரநார்பின் 2002-ல் அங்கே அனுமதி பெற்றது. சரியான அளவில் சாப்பிடுகிறவனுக்குக் கிறக்கமில்லை, நடுக்கமும் ஏக்கமும் அடங்கும், வேலைக்குப் போகலாம். சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்கிறார்கள் விடுதிக்காரர்கள். மருந்தில்லாமலே மீண்டவர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். அவர்கள் மீண்டதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் மருந்தை நிறுத்தியவனின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஒருமுறை சறுக்கிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். தெருவில் தள்ளப்பட்டவன் சறுக்குவது அதிசயமா?

மாத்திரை கைமாறும் என்ற பயம் நியாயமானதே. அதற்காக ஆளை விரட்டுவதா? ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள பெட்டி கொடுங்கள். மேற்பார்வையாளர் முன்னிலையில் எண்ணிப் பாருங்கள். மெத்தடோனுக்காக விடியற்காலையில் கிளினிக் வாசலில் வரிசையில் நிற்பவனைக் காலைக் கூட்டத்துக்கு வரவில்லையென்று தண்டிக்காதீர்கள். நின்ற மூச்சை மீட்கும் நலோக்சோன் எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மருந்தின் அளவை டாக்டர் தீர்மானிக்கட்டும், வாடகை வசூலிப்பவரல்ல.

டாக்டர் எழுதிக் கொடுத்த இந்த மருந்தை முறையாகச் சாப்பிடுகிறவரை அதற்காக ஒதுக்குவது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு விரோதமென்று அமெரிக்க நீதித்துறையே 2022 ஏப்ரலில் விளக்கம் வெளியிட்டது. நல்லது. ஆனால் மூட்டையோடு வாசலில் நிற்பவன் வக்கீலுக்கு எங்கே போவான்? சர்க்கார் பணம் பெறும் ஒவ்வொரு விடுதியும் இவர்களைச் சேர்த்தாக வேண்டும். மருந்துக் கம்பெனிகளிடமிருந்து வசூலாகும் நஷ்டஈட்டிலிருந்து இவர்களுடைய வாடகைக்கும் ஒதுக்க வேண்டும் என்று கோருகிறோம்.