கோடைப் பிரயாணிகள்

கன்னிவாடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் பழனிமலைத் தொடர் கண்ணுக்கு நேரே நிற்கிறது. சித்திரை பிறந்துவிட்டால், கீழே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் நமக்கு, மேலே கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்களிடம் சிறிது பொறாமை உண்டாவது இயற்கையே. ஆனால் அதே சித்திரையில் சோழநாட்டுக் கடற்கரையிலிருந்து இன்னொரு கூட்டம் குளிர்ந்த தேசத்துக்குப் புறப்படுகிறது. அதற்குக் கொடைக்கானல் போதாது, இமயமலையும் போதாது. ஆசியாவின் வடகோடியில், துருவத்தை அடுத்த சைபீரியச் சமவெளி வரையில் போகிறது. இப்பிரயாணிகளுக்கு மூட்டை முடிச்சு கிடையாது. இவர்களில் மிகச் சிறியவரான கொசு உள்ளானின் எடை ஒரு கோழிமுட்டையில் பாதிதான்!

இவர்களைக் காண வேண்டுமானால் கோடியக்கரைக்குப் போகவேண்டும். வடக்கிலிருந்து தெற்காக வரும் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் மூலை அது. அங்கே கடலோரமும், உப்பளங்களும், வேதாரண்யத்துப் பெருஞ்சதுப்பும் சேர்ந்து பறவைகளுக்கு ஓர் அன்னசத்திரமாக இருக்கின்றன. 1967-ஆம் ஆண்டில் அது சரணாலயம் ஆயிற்று. 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகம் போற்றும் நீர்நிலைகளில் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. டாக்டர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாரும் அங்கே பறவைகளின் காலில் இலேசான வளையம் பூட்டி, எண் பொறித்துப் பறக்கவிட்டு, அவை போகும் வழியை ஆராய்ந்தார்கள். இதே முறையில் பரத்பூரில் வளையம் பூட்டிய பேதை உள்ளான் சைபீரியாவில் அகப்பட்டிருக்கிறது. அந்தச் சிறு வளையம்தான் அதற்குப் பாஸ்போர்ட்டு.

மார்கழியில் போனால் கூட்டம் பெரிது. ஆனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். சித்திரையில் போனால் வேடிக்கை வேறு. வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறமாகச் சிவந்திருக்கும். உப்புக்கொத்திகளில் ஒரு வகை நெஞ்சில் காவி நிறப் பட்டை அணிந்திருக்கும். கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர்கள் புது வஸ்திரம் உடுத்துவதுபோல, கூடு கட்டப் போகும் பறவைகள் இங்கேயே அலங்காரம் செய்துகொண்டு கிளம்புகின்றன.

அலங்காரத்தைவிட முக்கியமானது சாப்பாடு. சில வாரங்கள் ஓயாமல் தின்று, சில பறவைகள் தம் எடையை ஒன்றரை மடங்காக்கிக்கொள்கின்றன. அந்தக் கொழுப்புத்தான் வழிக்கட்டுச் சோறு. நீண்ட தூரம் பறக்கும் சில இனங்களில், புறப்படுமுன் வயிறும் குடலும் சுருங்கிவிடுகின்றன. வழியில் சாப்பாடு இல்லையென்றால் பாத்திரம் எதற்கு?

ஒரே சேற்றில் இத்தனை பேருக்குப் பந்தி நடப்பதும் ஆச்சரியமே. உப்புக்கொத்திக்கு அலகு குட்டை. கண்ணால் பார்த்து ஓடிப் பொறுக்கும். உள்ளான் அலகைச் சேற்றில் குத்திக் குத்தித் தேடும். அலகின் நுனியில் உணர்ச்சி நரம்புகள் இருப்பதால் அதற்குக் கண் வேண்டியதில்லை. குதிரைமலைக் கோட்டான் (ஆந்தையைச் சொல்லும் கோட்டான் அன்று) நீண்டு வளைந்த அலகால் நண்டு வளையையே துழாவிவிடும். அவரவர் அலகுக்கு ஏற்ற ஆழம். ஆகையால் பெரிய சண்டை இல்லை.

“இவ்வளவு சாப்பாடு இங்கே கிடைக்கும்போது ஏன் ஸார் திரும்பிப் போகவேண்டும்?” என்று நம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. வடதுருவத்தில் கோடை மிகச் சிறிது. ஆனால் அந்த நாட்களில் அங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. பனி உருகிய ஈரத்தில் கொசுவும் பூச்சியும் கோடி கோடியாகப் பெருகுகின்றன. குஞ்சுகள் பொரித்த அன்றே எழுந்து நடந்து தாமே இரை தேடும். குஞ்சு வளர்க்க அதைவிடச் செழிப்பான இடம் இல்லை; வயிறு வளர்க்க நம் கடற்கரைதான். இரண்டும் வேண்டும். ஒன்று கெட்டால் மற்றொன்று இருந்தும் பயனில்லை.

வைகாசியில் கடற்கரை காலியாகிவிடும் என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. வெயிலில் சதுப்பு வறண்டு உப்புப் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும், கடலோரத்தில் சாம்பல் நிறத்துடன் சில பறவைகள் மேய்வதைக் காணலாம். இவற்றில் பெரும்பாலானவை சென்ற ஆண்டு பிறந்த இளம் பறவைகள். கூடு கட்டும் வயது வராததால், அபாயமான பிரயாணத்தை ஓர் ஆண்டு ஒத்திப்போட்டுத் தங்கிவிடுகின்றன. நாளைய சந்ததி நம் பொறுப்பில் இருக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

ஆடி மாதத்திலேயே போனவர்கள் திரும்பத் தொடங்குவார்கள். வளைமூக்கு உள்ளானில் ஆண் முதலில் வரும். குஞ்சு வளர்ப்பில் அதற்குப் பங்கில்லை. பிறகு பெண். கடைசியில் குஞ்சுகள், வழிகாட்ட ஒருவரும் இல்லாமல், முன்பின் பார்த்திராத கடற்கரையைத் தேடி வருகின்றன. 2022-இல் பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்தது. அதன் முதுகில் கட்டியிருந்த சிறு கருவி இதைத் தெரிவித்தது.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும், வந்து இறங்கும் இடத்தில் சேறு இல்லாவிட்டால் பறவை என்ன செய்யும்? மெல்லிய அலகுடைய கோட்டான் என்ற இனம் சைபீரியாவில் பிறந்து மத்தியதரைக் கடலோரத்தில் குளிர்காலம் கழித்துவந்தது. 1995-இல் மொராக்கோவில் காணப்பட்டதோடு சரி. 2025-இல் அது அழிந்துபோனதாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்துவிட்டது. நம் கோடியக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளானையும் 2024-இல் அதே சங்கம் அழிவை நோக்கிச் செல்லும் இனங்களில் சேர்த்திருக்கிறது. காவிரியின் கடைமடை நீரும் மழைநீரும் வந்து உப்பைத் தணித்தால்தான் சதுப்பில் புழுவும் பூச்சியும் உண்டு. நீர் வராமல் உப்பு மிகுந்தால் அன்னசத்திரத்தில் அடுப்பு எரியாது.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் தொண்டர் படை, 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது. பறவைகள் வடக்கே கிளம்பும் அதே நாட்கள்! ஒரு பிடி உப்பு மண்ணுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதைத் தேசம் அன்று அறிந்தது. அதே மண்ணில் ஒரு பிடி சேற்றுக்கும் மதிப்பு உண்டு என்பதை இன்று நாம் அறியவேண்டும். புறம்போக்கு என்றும் பாழ்நிலம் என்றும் கணக்கில் எழுதி, மண்ணடித்து மேடாக்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்கவேண்டும்.

நேயர்கள் பரீட்சை முடிந்ததும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு தடவை கோடியக்கரை போய்வரலாம். விடியற்காலை, வெயில் ஏறுமுன், சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி நின்று பார்ப்பது நலம். படம் எடுக்கும் ஆசையில் நெருங்கி ஓடவேண்டாம். ஒவ்வொரு தடவை பறவையை எழுப்பும்போதும் அதன் வழிக்கட்டுச் சோற்றில் ஒரு கவளம் நாம் பறிக்கிறோம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஆடியிலும் ஆவணியிலும் தம் ஊர்க் குளத்தைப் பார்த்தால் போதும். திண்டுக்கல் சீமையில் கடல் இல்லை. ஆனால் ஒரு சாண் தண்ணீரும் ஈரச் சேறும் உள்ள குளக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓர் உள்ளான் வந்து நிற்கலாம். அது வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறது. அந்தக் கரையில் குப்பை கொட்டாதிருப்பது நாம் அதற்குச் செய்யும் விருந்து.