பத்து வெள்ளிக்குக் கண்ணை அடகு வைக்காதீர்!



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை. கிளினிக்கைப் பூட்டப் போகும் நேரத்தில் ஒரு தம்பி இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வந்தான். கூடவே அவன் அம்மா. "டிரெசரய்யா, குசினிக்கு மொசைக் வெட்டுனான். கண்ணுல தூசி விழுந்திருச்சி. கொஞ்சம் மருந்து ஊத்தி விடுங்க" என்றார்.

கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். தூசி இல்லை. ஓட்டுச் சில்லு ஒன்று கருவிழியில் குத்தி நின்றது. நான் அதைத் தொடவில்லை. காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணின் மேல் கவிழ்த்து, பிளாஸ்திரி போட்டு, உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கண் தப்பியது. பழைய பார்வை வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு வயது 22.

பிறகு ஒரு நாள் கேட்டேன். "கண்ணாடி போடலையா தம்பி?"

"நாலு கல்லு தானேன்னு நெனச்சேன் ஐயா."

4 அங்குல கிரைண்டரில் 5 அங்குலத் தட்டு மாட்டியிருக்கிறான். இடம் பற்றவில்லை என்று காப்பு மூடியைக் கழற்றி எறிந்திருக்கிறான். தட்டும் சிமெண்டு வெட்டுகிற பல்லுத் தட்டு. நல்ல தட்டுக்கும் இதற்கும் பத்து வெள்ளிதான் வித்தியாசமாம். இந்தப் பத்து வெள்ளியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நம் பெற்றோர் பால்வெட்டியவர்கள். மொட்டைக் கத்தியோடு யாராவது நிரைக்குப் போனார்களா? விடியுமுன் எழுந்து கத்தியைத் தீட்டி, விரலால் தடவிப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். கத்தி சரியில்லை என்றால் பட்டை காயப்படும், மரம் கெடும் என்று அவர்களுக்குத் தெரியும். மரத்துக்குக் காட்டிய அந்த அக்கறையை நம் பிள்ளைகள் தங்கள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் காட்ட வேண்டாமா?

இன்று பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு கட்டும் வேலைக்கும் ஓடு பதிக்கும் வேலைக்கும் போகிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் எந்தச் சாமானை எதற்கு எடுப்பது என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கை வெட்டி. நீளமான இரும்புச் சட்டத்தில் சின்னச் சக்கரம் ஓடுமே, அதுதான். ஒரு தரை முழுக்கப் பதித்தாலும் பெரும்பாலும் நேர் வெட்டுதான் வரும். நேர் வெட்டுக்கு இதுவே போதும். சக்கரத்தை ஒரே இழுப்பாக, ஒரு தடவை மட்டும் ஓட்டிக் கோடு போட்டு அழுத்தினால் ஓடு இரண்டாகப் பிளக்கும். மின்சாரம் வேண்டாம். புகை மாதிரித் தூசி கிளம்பாது. போர்சலின் ஓடு கெட்டியானது, அதற்குச் சக்கரம் கூராக இருக்க வேண்டும். மழுங்கிவிட்டால் சக்கரத்தை மட்டும் மாற்றுங்கள். பிளந்த விளிம்பு கண்ணாடித் துண்டு போல் கையை அறுக்கும், கல்லால் தேய்த்துவிடுங்கள்.

குழாய் ஓட்டை, வளைவு, மூலை இவற்றுக்குத்தான் மிஷின். அதற்கு வைரத்தூள் பதித்த தட்டு வேண்டும். விளிம்பு இடைவெளியில்லாமல் வழுவழுப்பாக இருப்பது ஓட்டுக்கு. வெட்டு வெட்டாகப் பிரிந்திருப்பது சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும். அதை ஓட்டில் வைத்தால் விளிம்பு சிதறும், சில்லு பறக்கும். பலகை அறுக்கும் பல் தட்டைக் கிரைண்டரில் மாட்டவே கூடாது.

தட்டின் மேல் ஓர் எண் அச்சடித்திருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று தாங்கும் என்பது அது. மிஷினில் எழுதியுள்ள எண்ணை விட அது குறைவாக இருக்கக் கூடாது. 4 அங்குல மிஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் காடிக்கே 110தான் அனுமதி. அந்த வேகத்தில் ஒரு சில்லு கிளம்பினால் இமை மூட நேரம் இருக்குமா? ஆகவே காப்பு மூடியைக் கழற்றாதீர்கள். மிஷினை இரண்டு கையாலும் பிடியுங்கள். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது.

கண்ணில் பட்ட காயம் அன்றே தெரியும். நெஞ்சில் படுகிற காயம் பெரும்பாலும் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஓட்டிலும் கருங்கல்லிலும் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. காய்ந்தபடி வெட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோய் வரும் ஆபத்தும் கூடும். இந்தப் பொடி புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் வகைப்படுத்தியது. குசினி மேடைக்குப் போடும் செயற்கைக் கல் சிலவற்றில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கும் மேல். அதை வெட்டிய இளைஞர்கள் பலர் நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

"துண்டைக் கட்டிக்கிட்டா போதும்ல, டிரெசர்?" என்று கேட்கிறார்கள். போதாது. துண்டும் நீல நிறத் துணி மாஸ்க்கும் இந்தப் பொடியைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. அதை விட நல்லது தூசியே கிளம்பாமல் பார்ப்பது. தண்ணீர்த் தொட்டியோடு செய்த ஓடு வெட்டும் மிஷின் இருக்கிறது. அதை வாடகைக்காவது எடுங்கள். சாதாரணக் கிரைண்டர் மேல் போத்தலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மின்சாரம் தாக்கும். எந்த மிஷினானாலும், கசிவு வந்தால் தானே அறுந்துபோகும் சுவிட்சு உள்ள இணைப்பில்தான் போட வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் வறட்டுத் தூசியைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்பைத் தனியாக அலசுங்கள். வெட்டுகிற இடத்தில் பிள்ளைகள் வேண்டாம்.

கண்ணில் தூசி என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். குத்தி நின்றால் கழுவாதீர்கள், கசக்காதீர்கள், பிடுங்காதீர்கள். மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விரல் துண்டானால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆளோடு அனுப்புங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது.

கண்டிராக்டரிடம் வேலை செய்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்புக்காகக் கொடுக்க வேண்டிய சாமானுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. அந்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. கண்ணாடியும் முகக்கவசமும் கேட்பது பிச்சை அல்ல, உரிமை. சிலிக்கோசிஸ் சொக்சோ பட்டியலில் உள்ள தொழில் நோய். சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவர்களும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் சந்தா கட்டிச் சேரலாம். நாள் கூலியாகப் போகும் பிள்ளைகளைச் "சந்தா கட்டுறாங்களா?" என்று கேளுங்கள்.

கடைசியாக என் கருத்து ஒன்று. "நல்ல சாமானுக்குக் காசு எங்க இருக்கு?" என்பது நியாயமான கேள்விதான். வருஷத்தில் ஒரு நாள் வேலைக்காக வீட்டுக்கு வீடு கை வெட்டி வாங்க முடியாது. ஆனால் கல்யாணம் காட்சிக்கு ஆளுக்கொரு அண்டா நாம் வாங்குகிறோமா? கோயிலில் இருப்பதை இரவல் எடுத்து, விளக்கித் திருப்பிக் கொடுக்கிறோம். அதே மாதிரி ஒவ்வொரு கிளையும் ஒரு கை வெட்டி, இரண்டு பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கி வைக்கட்டும். கேட்கிறவர் பெயரை எழுதிக் கொடுத்து வாங்கட்டும். கிளைக் கூட்டத்தில் இதை யாராவது எழுந்து பேசுங்கள்.

அடுத்த தீபாவளிக்கும் நம் வீடுகளில் புது ஓடு பளபளக்கட்டும். அதைப் பார்க்க இரண்டு கண்ணும் இருக்கட்டும்.