தானே விலகினாரா, விலக்கப்பட்டாரா?



ஊழியர் ஒருவரை வெளியேற்ற இரு வழிகள் உண்டு. ‘இன்றோடு உமக்கு வேலையில்லை’ என்று நேரே கூறிவிடுவது ஒன்று. வேலை இருக்கிறதென்று சொல்லிக்கொண்டே, அவரது பொறுப்பையும் ஊதியத்தையும் குறைத்துவிட்டு, அவராகவே விலகல் கடிதம் தரட்டும் எனக் காத்திருப்பது மற்றொன்று. முதல் வழியில் நிறுவனம் ஈட்டுத்தொகை தரவேண்டி வரும். இரண்டாவதில், ‘அவராகத்தானே போனார்’ என்று கைகழுவிவிடலாம். இதனை நீதி ஏற்குமா?

கனடாவில் பணிபுரியும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1997ஆம் ஆண்டு, ‘ஃபார்பர் எதிர் ராயல் டிரஸ்ட்’ என்ற வழக்கில் இக்கேள்விக்கு விடையளித்தது.

வழக்குத் தொடுத்தவர், வீடு நில விற்பனைத் துறையில் அந்நிறுவனத்தில் 18 ஆண்டுகள் உழைத்தவர். கியூபெக் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்கு மண்டல மேலாளராயிருந்து, 21 கிளைகளை மேற்பார்த்தவர். 1984இல் நிறுவனம் தன் நிர்வாகத்தை மாற்றியமைத்தபோது அவர் பதவி ஒழிக்கப்பட்டது. மாற்றாக, இலாபம் குன்றிய ஒரே ஒரு கிளையின் மேலாளர் பதவி தரப்பட்டது. அடிப்படைச் சம்பளமும் நின்றது. இனிக் கமிஷனே வருமானம். அவர் அதனை ஏற்கவில்லை, வழக்குத் தொடுத்தார்.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. அவர் மறுத்த கிளை பின்னர் நன்றாகவே விற்பனை செய்தது என்பது அவருக்கு எதிராகக் காட்டப்பட்டது. உச்சநீதிமன்றமோ, பின்னால் நடந்ததை வைத்து அளக்கலாகாது என்றது. மாற்றம் அறிவிக்கப்பட்ட வேளையில், அவர் நிலையிலிருக்கும் நியாயமான மனிதர் ஒருவர், தம் ஒப்பந்தத்தின் அடிப்படையே மாற்றப்படுகிறதென்று கருதுவாரா என்பதே அளவுகோல். அவரைத் துரத்தும் தீய எண்ணம் நிறுவனத்திற்கு இருந்ததென மெய்ப்பிக்கவும் தேவையில்லை. ஆகவே அது விலகலன்று; மறைமுகப் பணிநீக்கமே. நீதி கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

எனினும், மாற்றம் ஒவ்வொன்றும் பணிநீக்கமாகிவிடாது. ஒப்பந்தம் இடந்தரும் மாற்றங்களைச் செய்ய முதலாளிக்கு உரிமையுண்டு. மேசை மாறியதற்காகவும், சிறு வேலையொன்று கூடியதற்காகவும் விலகுவோர் வழக்கில் தோற்பர். மறுப்பேதும் கூறாமல் நெடுநாள் புதிய வேலையைச் செய்தாலோ, இசைந்துவிட்டார் என்றே கொள்ளப்படலாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் எங்கும் பொருந்தும் முன்னெச்சரிக்கைகள் சில உண்டு. மாற்றத்தை எழுத்தில் கேட்டுப் பெறுக. பணி நியமனக் கடிதத்தோடு அதனை ஒப்பிடுக. இசைவில்லையெனில் காலந்தாழ்த்தாது, மரியாதையான சொற்களில் எழுதித் தருக. விலகுமுன் வழக்கறிஞரைக் கலந்துகொள்க.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: வெளியே தள்ளப்படும் ஒருவர், ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிவிட்டால், அந்த ஒரு வரியே நாளை அவருக்கு எதிரான சாட்சியாகும். அவமானம் தாங்காத இரவிலே எழுதப்படும் கடிதங்கள் இத்தகையவை. அத்தகைய இரவில் அவர் தனித்திருக்க வேண்டியதில்லை. கணவர் எழுதியதை மனைவியும், மகள் எழுதியதைப் பெற்றோரும் வாங்கிப் படிக்கட்டும். காலை விடியும்வரை அது வீட்டிலேயே இருக்கட்டும்.