வக்கீல் ஆபீஸையே நீங்கதான் நடத்துறீங்க, உங்க சம்பளத்துக்கு என்ன ஆதாரம்?



சம்பளம், பிஎஃப், இன்க்ரிமென்ட்னு பேசினாலே ஐடி கம்பெனியும் பேங்கும்தான் ஞாபகத்துக்கு வருது. இன்னைக்கு வேற ஒரு ஆபீஸைப் பத்திப் பேசலாம். கோர்ட் பக்கத்துல ரெண்டு ரூம், சுவர் முழுக்க கேஸ் கட்டு, ஒரு சீனியர் வக்கீல், ரெண்டு ஜூனியர். இவங்க எல்லாரையும் ஓட வைக்கிறது ஒரே ஒருத்தர். ஊர்ல அவரைக் குமாஸ்தான்னு சொல்வாங்க. கொஞ்சம் பெரிய ஆபீஸ்ல பாராலீகல், ஆபீஸ் மேனேஜர்னு பேர். (சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இருக்கிற பாராலீகல் வாலண்டியர் வேற, அவங்களை இங்க குழப்பிக்க வேண்டாம்.)

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த வேலையில இருக்கிறவங்க சம்பள உயர்வு கேக்குறதுக்கு முன்னாடி, அந்தச் சம்பளத்துக்கு ஒரு ஆதாரம் கேக்கணும்.

இது எடுபிடி வேலை இல்ல

ஒரு செக் பவுன்ஸ் கேஸை எடுத்துக்கோங்க. செக் திரும்பின தகவல் பேங்க்ல இருந்து வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும். நோட்டீஸ் கிடைச்சதும் எதிர்த்தரப்புக்கு 15 நாள் டைம். அப்பவும் பணம் வரலைன்னா, அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல புகார் தாக்கல் பண்ணணும். இந்த மூணு தேதியையும் டைரியில குறிச்சு வச்சு, சீனியர் மறந்தாலும் மறக்காம எடுத்துச் சொல்றது யாரு?

வாய்தா தேதி, கோர்ட் ஃபீஸ், பேட்டா, ரிட்டர்ன் ஆன மனுவைச் சரி பண்ணி திரும்பத் தாக்கல் பண்றது, நகல் மனு, இ-ஃபைலிங், சிஎன்ஆர் நம்பர் போட்டு கேஸ் நிலவரம் பாக்குறது, போன் பண்ற கட்சிக்காரருக்குப் பதில் சொல்றது. கம்பெனியா இருந்தா இதுக்கு ஆபரேஷன்ஸ், அக்கவுண்ட்ஸ், கஸ்டமர் சப்போர்ட்னு மூணு டிபார்ட்மென்ட் இருக்கும். இங்க மூணும் ஒரே ஆள்.

ஆனா பேப்பர்ல நீங்க யாரு?

பல ஆபீஸ்ல சம்பளம் கவர்ல ரொக்கமா வருது. அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கிடையாது, சம்பள ஸ்லிப் கிடையாது. பிஎஃப் சட்டம் பொதுவா 20 பேர் வேலை பாக்குற இடத்துக்குத்தான். இஎஸ்ஐ-க்கு 10 பேர். நாலு பேர் ஆபீஸ் ரெண்டுலயும் வராது.

1984-ல கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, வக்கீல் ஆபீஸ் அந்த மாநிலக் கடைகள் சட்டப்படி வணிக நிறுவனம் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வழக்குப் போட்டவர் வக்கீல் ஆபீஸ்ல வேலை பாத்தவர்தான். ஊருக்கே நியாயம் கேக்குற இடத்துல வேலை பாத்தாலும், சட்டம் தானா வந்து உங்களைக் காப்பாத்தும்னு நம்பி உக்காரக் கூடாது.

ஜூனியர் வக்கீலுக்காவது ஒரு அளவுகோல் வந்திருக்கு. சென்னை, மதுரை, கோவையில மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 கொடுக்கணும்னு தமிழ்நாடு பார் கவுன்சில் 2024 ஜூன்ல சுற்றறிக்கை விட்டுச்சு. அது வக்கீல்களுக்கானது, ஆபீஸ் ஊழியர்களுக்கு இல்ல.

நஷ்டம் எவ்வளவு?

ஒரு உதாரணம் பாப்போம். உங்களுக்கு மாசம் 18,000 ரொக்கம். உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு கம்பெனியில அதே 18,000, அடிப்படைச் சம்பளம் 15,000. அவருக்கு முதலாளி பங்கா பிஎஃப் 12%, அதாவது 1,800 போகுது. இஎஸ்ஐ 3.25%, அது 585. மொத்தம் மாசம் 2,385, வருஷத்துக்கு 28,620. வெளிய பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம். உள்ள இவ்வளவு வித்தியாசம். இதுபோக, அவரால லோன் வாங்க சம்பள ஸ்லிப்பை நீட்ட முடியும். உங்களால முடியாது.

"சீனியர் தங்கமான மனுஷன், ஆஸ்பத்திரி செலவுன்னா அவரே பாத்துக்குவார்"னு சிலர் சொல்வாங்க. உண்மைதான், அப்படிப்பட்ட சீனியர்கள் நிறைய பேர் இருக்காங்க. ஆனா அவர் நாளைக்கு நீதிபதி ஆனா பிராக்டிஸை விடணும். உடம்பு முடியாமப் போனாலும் ஆபீஸ் மூடிடும். அன்னைக்கு உங்க பத்து வருஷ அனுபவத்தை எதைக் காட்டி நிரூபிப்பீங்க?

அப்ப என்ன செய்யலாம்?

1. சம்பளம் அக்கவுண்ட்ல வரணும். "சார், அடுத்த மாசத்துல இருந்து சம்பளத்தை அக்கவுண்ட்லயே போட்டுடுங்க சார்"னு கேளுங்க. இதுல அவருக்கும் லாபம் இருக்கு. வரவு செலவு எழுதி வரி கட்டுறவர் ஒரு ஆளுக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தா, அதைச் செலவுக் கணக்குல கழிக்க முடியாது. கூடவே லெட்டர்ஹெட்ல உங்க பதவி, சேர்ந்த தேதி, சம்பளம் மூணும் போட்டு ஒரு பக்கக் கடிதம் வாங்கிடுங்க.

2. பர்சன்டேஜ் பேச்சை நம்பாதீங்க. "சம்பளம் கம்மிதான், ஆனா கேஸுக்குக் கேஸ் பங்கு தர்றேன்"னு சொன்னா உஷார். வக்கீல் இல்லாத ஒருத்தரோட ஃபீஸைப் பங்கு போடக் கூடாதுன்னு பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதியே இருக்கு. நாளைக்கு அந்தப் பங்கு வரலைன்னா எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேப்பீங்க? நிலையான சம்பளமும் வருஷ போனஸும் பேசுங்க.

3. கட்சிக்காரர் பணம் உங்க யுபிஐ-க்கு வரவே கூடாது. கோர்ட் ஃபீஸுக்கு 12,000 அனுப்புறேன், உங்க நம்பர் சொல்லுங்கம்பாங்க. சொல்லாதீங்க. அது உங்க ஸ்டேட்மென்ட்ல உங்க வரவாத்தான் தெரியும். நாளைக்கு ஏதாவது பிரச்னைன்னா விளக்கம் சொல்ல வேண்டியதும் நீங்கதான். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்கிறதும், எது ஃபீஸ், எது செலவுன்னு பிரிச்சுக் காட்டுறதும் விதிப்படி வக்கீலோட கடமை. க்யூஆர் கோடு அவர் அக்கவுண்டுக்கு இருக்கட்டும், நோட்டுல எழுதுற வேலை மட்டும் உங்களோடது.

4. உங்க பிஎஃப்-ஐ நீங்களே ஆரம்பிங்க. இஎஸ்ஐ இல்லாததால முதல் செலவு மெடிக்கல் இன்சூரன்ஸ். அடுத்து, வருஷம் 436 ரூபாய்க்கு ஜீவன் ஜோதி, 20 ரூபாய்க்கு சுரக்ஷா பீமா. ரெண்டையும் பேங்க்லயே எடுக்கலாம். அப்புறம் பிபிஎஃப். வருஷம் 500 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோட இருக்கும். மாசம் 1,800 போட முடிஞ்சா, முதலாளி போடாத பங்கை நீங்களே போட்ட மாதிரி. வக்கீல் குமாஸ்தாக்களுக்குன்னு தமிழ்நாட்டுல தனியா சேமநல நிதிச் சட்டம் இருக்கு. அதுல எப்படிச் சேர்றதுன்னு உங்க கோர்ட் குமாஸ்தா சங்கத்துல இந்த வாரமே விசாரிங்க.

5. வரி இல்லைன்னாலும் ரிட்டர்ன் போடுங்க. 18,000 சம்பளத்துக்கு வரி வராது. ஆனா ரெண்டு மூணு வருஷ ஐடிஆர் கையில இருந்தா லோன் கேக்கும்போது பேங்க்ல பேச ஒரு பிடி கிடைக்கும்.

இந்த வேலையை விட்டுட்டு ஓடுங்கன்னு நான் சொல்லல. பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி, ரியல் எஸ்டேட்னு எல்லா இடத்துலயும் லீகல் பிரிவு இருக்கு. கேஸ் கட்டும் கோர்ட் நடைமுறையும் தெரிஞ்ச ஆளுக்கு அங்க மதிப்பு உண்டு. ஆனா அங்க இன்டர்வியூவுல முதல் கேள்வியே "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இருக்கா?"தான்.

ஊரார் பத்திரத்தையெல்லாம் பத்திரமா அடுக்கி வைக்கிறவங்க நீங்க. உங்க பேர்லயும் ஒரு ஃபைல் போடுங்க. முதல் பேப்பரா அந்த ஒரு பக்கக் கடிதம் உள்ள போகட்டும். இதே மாதிரி ஆபீஸ்ல வேலை பாக்குற நண்பர் யாராவது இருந்தா அவங்களுக்கும் இதை அனுப்பி விடுங்க.