எழுத்துருவோடு போகும் எழுத்து

கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் பழைய மென்பொருள்கள் இயங்க மறுப்பது உலகெங்கும் உள்ள தொல்லை. அதைப் பற்றிய முணுமுணுப்பும் உலகப் பொதுவானதே. ஆயினும் தமிழில் எழுதுவோர்க்கும் பதிப்பிப்போர்க்கும் இத்தொல்லை வேறொரு முகம் கொண்டிருக்கிறது. பிறர் இதனால் ஒரு கருவியை இழக்கிறார்கள். நாமோ அக்கருவியால் எழுதி வைத்தவற்றையும் சேர்த்தே இழக்கிறோம். இவ்வேறுபாடு நம் இலக்கிய வட்டாரத்தில் போதிய அளவு உணரப்படவில்லை என்பது நம் எண்ணம். சிற்றிதழ்களும் சிறு பதிப்பகங்களும் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் உருவாக்கிய பிரதிகளின் எதிர்காலம் இதில் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இயங்குதளங்களின் போக்கைப் பார்ப்போம். பழைய மென்பொருளைப் புதிய இயங்குதளம் எத்தனை காலம் சுமக்கும் என்பது அதை ஆக்குவோர் எடுக்கும் முடிவு. விண்டோஸில் 16 பிட் காலத்து நிரல்களை 32 பிட் பதிப்புகள் ஒரு துணையமைப்பின் வழியே இயக்கி வந்தன. 64 பிட் பதிப்புகளில் அத்துணையமைப்பு இல்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64 பிட் வடிவில் மட்டுமே கிடைப்பதால் விண்டோஸ் 3.1 காலத்து நிரல்கள் அதில் நேரடியாக ஓடா. ஆப்பிள் இன்னும் கறாரானது. 2007இல் வந்த லெப்பர்டு, பழைய மேக் நிரல்களுக்கான கிளாசிக் சூழலைக் கைவிட்டது. 2011இல் லயன், பவர்பிசி சில்லுகளுக்கென எழுதப்பட்டவற்றைக் கைவிட்டது. 2019இல் கேட்டலினா 32 பிட் நிரல்கள் அனைத்தையும் கைவிட்டது. பாதுகாப்பு, வேகம், பராமரிப்புச் செலவு என இவற்றுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யானவை அல்ல. புதுப்பிக்காமலே காலம் தள்ளுவதும் எளிதன்று. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆதரவற்ற இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினை நினைவுகூர்வது பயன்தரும். அவர் தம் நாவல்களை டாஸ் இயங்குதளத்தில் ஓடும் வேர்ட்ஸ்டார் 4.0 மென்பொருளில், இணையத் தொடர்பற்ற கணினியில் எழுதுவதாக 2014இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கூறினார். உலகமே வியந்து சிரித்தது. நாளை அந்தக் கணினி பழுதானால் அவர் இழப்பது என்ன? பழகிய விசைகளையும் கறுப்புத் திரையையும் இழப்பார். அவருடைய சொற்கள் பிழைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள் 1960களிலேயே ஆஸ்கி என்னும் தரமாக வகுக்கப்பட்டுவிட்டன. வேர்ட்ஸ்டார் தன் வடிவமைப்புக் குறிகளைக் கோப்பினுள் இடையிடையே செருகுவது உண்மைதான். அவற்றைக் களைந்தால் அடியில் கிடப்பது எந்தக் கணினிக்கும் தெரிந்த ஆங்கில எழுத்து.

தமிழ்க் கோப்பின் நிலை அதுவன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் கணினியில் எழுதிய தமிழின் பெரும்பகுதி உண்மையில் தமிழாகச் சேமிக்கப்படவே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்களே நமக்கு வாய்த்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' எனத் தட்டி வைத்த கோப்பினுள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். தமிழ் என்பது அவற்றின்மேல் எழுத்துரு போர்த்திய ஆடை. அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆடை கழன்றுவிடும். இதில் ஒற்றுமையும் இல்லை. திஸ்கி ஒரு வகை எண்ணடுக்கு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் ஆகியவை வேறு வகை. இவையன்றி விற்பனையாளர்கள் தத்தமக்கென வகுத்துக்கொண்டவை பல. ஒரே அகரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் எண்ணில் குடியிருந்தது.

இயங்குதளம் மாறும்போது இக்கடன்வாங்கிய எண்கள் வம்பில் மாட்டின. விண்டோஸ் 173ஆம் எண்ணை மென்கோடு எனப்படும் கண்ணுக்குத் தெரியாத குறியாகக் கருதும். திஸ்கியில் இகரம் அமர்ந்திருந்ததும் அதே எண்ணில்தான். விளைவாகச் சில சூழல்களில் பக்கம் முழுதும் இகரம் மட்டும் காணாமற்போயிற்று. 'இலக்கியம்' தன் முதலெழுத்தை இழந்து 'லக்கியம்' ஆனதைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் இகரத்துக்கு வேறோர் இடமும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

அச்சுத்துறையின் கதை இன்னும் கடினமானது. தமிழ் நூல்களும் இதழ்களும் நெடுங்காலம் பேஜ்மேக்கரில் கோக்கப்பட்டன. அதன் 7.0 பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தியது. அம்மென்பொருள் கடைசிவரை ஒருங்குறியை அறியவில்லை. ஆகவே டிடிபி நிலையங்களும் பழைய எழுத்துருக்களைவிட்டு விலக முடியவில்லை. பேஜ்மேக்கருக்குப் பின்வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்புவரை பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறந்து தந்தது. 2013 முதல் வந்த பதிப்புகள் அதையும் செய்வதில்லை. சில தமிழ் மென்பொருள்கள் அச்சுப்பொறிக்கான துளையில் செருகும் வன்பூட்டோடு விற்கப்பட்டன. இன்றைய கணினிகளில் அத்துளையே கிடையாது. டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் தன் மென்பொருள்களில் முடித்துக்கொண்டது. பழைய தமிழ் எழுத்துருக்களுள் அவ்வகையைச் சேர்ந்தவையும் உண்டு. ஒவ்வொன்றும் சிறு மாற்றம். எல்லாம் சேரும்போது மறுபதிப்புக்கென வைத்திருந்த கோப்பு பயனற்ற பெட்டியாகிறது.

'அதுதான் பிடிஎஃப் இருக்கிறதே' என்பர் நண்பர்கள். இந்த ஆறுதலைத்தான் நாம் முதலில் ஐயுற வேண்டும். நாம் பணிபுரியும் தமிழ்த்துறையின் பழைய கருத்தரங்கத் தொகுதிகள் சில இத்தகைய பிடிஎஃப் கோப்புகளாக உள்ளன. ஆய்வகக் கணினிகள் மாற்றப்பட்டபின் பேஜ்மேக்கர் மூலங்களைத் திறக்க வழியில்லை. பிடிஎஃபோ அழகாகத் திறந்தது. ஆய்வு மாணவி ஒருவர் அதில் 'பாலை' என்று தேடினார்; ஓரிடமும் அகப்படவில்லை. ஒரு பத்தியைப் படியெடுத்து ஒட்டினார். ஆங்கில எழுத்துக் குப்பை விழுந்தது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குப்பை. எழுத்துருவைத் தன்னுள் பொதிந்துகொண்ட பிடிஎஃப் படிப்பதற்குப் போதும். தேடவும் மேற்கோள் எடுக்கவும் திருத்தி மறுபதிப்புச் செய்யவும் போதாது.

நம் மரபில் இதற்கு நெருங்கிய ஒப்புமை செல்லரித்த ஏடு அன்று. ஏட்டில் எழுத்து அழியும், படிக்கத் தெரிந்தவர் இருப்பார். வட்டெழுத்துக் கல்வெட்டே சரியான ஒப்புமை. கல்லில் எழுத்து குறையின்றி நிற்கும். அதை வாசிக்கும் பழக்கம் ஊரில் அற்றுப்போயிருக்கும். கல்வெட்டுக்குப் பின்னாளில் அறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள், கல் அதுவரை காத்திருந்தது. குறுவட்டுக்கும் நிலைவட்டுக்கும் அத்தனை பொறுமை கிடையாது.

மீட்பதற்கு வழி இருக்கிறது. பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல உள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தொடக்க ஆண்டுகளில் திஸ்கியில் தந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. தன்னார்வலர் உழைப்பால் நடந்த பணி அது. ஆனால் மாற்றிமுடித்த பிரதியை அப்படியே நம்பலாகாது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே எண். கருவிக்கு வேறுபாடு தெரியாமற்போனால் 'கௌரவம்', ளகரம் நுழைந்த 'கெளரவம்' ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; தேடுபொறிக்கு வெவ்வேறு சொற்கள். கட்டுரையின் நடுவே வந்த ஆங்கிலச் சொற்களையும் தமிழெனக் கருதி மாற்றிவிடும் கருவிகள் உண்டு. ஏடு பெயர்த்தெழுதுவோரால் பாடபேதங்கள் தோன்றின என்று வகுப்பில் கற்பிக்கிறோம். நம் காலத்துப் பாடபேதங்கள் இவ்வாறு தோன்றிக்கொண்டிருக்கின்றன. ஆகவே மாற்றத்துக்குப் பின் மெய்ப்பு நோக்குதல் தவிர்க்கக்கூடாத வேலை. மூலக் கோப்பையும் எழுத்துருவையும் எறிந்துவிடாமல் உடன் வைத்திருப்பதும் அதே காரணத்தால் தேவையாகிறது.

பழைய கணினியையே புதிய கணினிக்குள் மென்பொருளாகக் கட்டமைத்து இயக்குவது மற்றொரு வழி. சல்மான் ருஷ்டியின் கணினிகளைக் கையெழுத்துப் பிரதிகளோடு சேர்த்துப் பெற்ற அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம், அவருடைய பழைய மேக் கணினி ஒன்றன் சூழலை அவ்வாறே மீட்டமைத்து 2010இல் ஆய்வாளர் பார்வைக்குத் திறந்தது. நம் எழுத்தாளர்களின் கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பேணுவதே பெரும்பாடாக இருக்கும் இங்கு, அவர்கள் கணினிகளைப் பற்றிப் பேசுவது மிகையாகத் தோன்றலாம். மிகையன்று. பலர் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டிடிபி நண்பர் தட்டச்சு செய்தார். நூல் வந்ததும் கையெழுத்துப் படி பழைய தாள்களோடு போயிற்று. எஞ்சிய ஒரே மூலம் அந்த நண்பரின் கணினியில் கிடக்கிறது. அவர் கடையை மூடும் நாளில், அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் நாளில், அது யாருக்கும் தெரியாமல் மறையும்.

இதில் இயங்குதள நிறுவனங்களை வைதுகொண்டிருப்பதால் ஆவது ஒன்றுமில்லை. பழைய மென்பொருளை எப்போதும் இயக்கித் தருவதாக அவை நமக்கு வாக்களிக்கவில்லை. நாம் கேட்க வேண்டியவர்கள் நம்மவர்களே. பதிப்பாளர், நூல் வெளியானவுடன் அதன் இறுதி வடிவத்தை ஒருங்குறி உரைக்கோப்பாகவும் ஆசிரியருக்கு அளிக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே அது இடம்பெற வேண்டும். பழைய நூல்களுக்கு, மறுபதிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே மாற்றத்தைத் தொடங்க வேண்டும். நின்றுபோன சிற்றிதழ்களின் ஆசிரியர்கள் தங்களிடம் உள்ள குறுவட்டுகளையும் நெகிழ்வட்டுகளையும் எழுத்துருக்களோடு சேர்த்து ஒரு நூலகத்திடமோ ஆர்வலர் குழுவிடமோ ஒப்படைக்கலாம். கல்லூரித் தமிழ்த்துறைகள் இதனை மாணவர் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். மெய்ப்பு நோக்கும் திறனும் அவர்களுக்குக் கைவரும்.

பேஜ்மேக்கர் இன்னும் ஓடும் பழைய கணினிகள் சில டிடிபி நிலையங்களில் உயிரோடு இருக்கின்றன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வாசக நண்பர்கள் தம் ஊரில் அப்படி ஒரு நிலையம் இருந்தால் இந்த மாதமே போய்ப் பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். எந்தெந்த நூல்களின் கோப்புகள் அங்கே இருக்கின்றன, எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்ற பட்டியல் கையில் இருந்தாலே மீட்பு வேலையில் பாதி முடிந்த மாதிரி.