தேகபலமும் ஜனபலமும்

தேகக் கட்டும் நடிப்பும் தேடித் தந்த புகழ் ஒரு கட்சியைத் தாங்குமா? ஸ்ரீ சரத்குமாரின் அரசியல் சரித்திரமே விடை கூறும். 1974-ல் சென்னை சர்வகலாசாலையின் ஆணழகரான அவர், சினிமாவில் பேர்பெற்று, 2001-ல் தி.மு.க. சார்பில் ராஜ்ய சபை புகுந்தார். 2006-ல் அ.தி.மு.க.வில் சேர்ந்தார், மறு வருஷமே சொந்தக் கட்சி ஸ்தாபித்தார். 2011-ல் தென்காசியில் வென்றது அ.தி.மு.க. கூட்டணியில், அக்கூட்டணியிலேயே 2016-ல் திருச்செந்தூரில் தோற்றார். 2024 மார்ச்சில் கட்சியைப் பாரதிய ஜனதாவில் கரைத்துவிட்டார்.

இது ஒருவர் குறையன்று. தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக நடித்த மல்லர் தாராசிங், 2003-ல் நியமனத்தின் மூலமே ராஜ்ய சபையை அடைந்தார். அதே வருஷம் கலிபோர்னியா கவர்னரான ஆணழகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரும் பழைய குடியரசுக் கட்சியைச் சார்ந்தே நின்றார்.

விழுப்புரம், திண்டிவனம் வாசிகளுக்கு இது தூரத்து விஷயமன்று. அன்றைய விழுப்புரம் ஜில்லாவின் ரிஷிவந்தியம் 2011-ல் நடிகர் விஜயகாந்தைச் சட்டசபைக்கு அனுப்பிற்று. அவர் எதிர்க்கட்சித் தலைவருமானார். 2016-ல் அதே ஜில்லாவின் உளுந்தூர்ப்பேட்டை அவரைத் தோற்கடித்தது. 2024 அக்டோபர் 27-ல் இவ்விரு ஊர்களுக்கும் இடையிலுள்ள விக்கிரவாண்டியில், நடிகர் விஜய்யின் கட்சி மாநாட்டுக்கு ஜனசமுத்திரம் திரண்டது.

நடிகர் அரசியலுக்கு வரலாகாது என்பது நம் அபிப்பிராயமன்று. ஆனால் மாநாடு ஒரு நாள் வேலை. கிராமக் கமிட்டி வருஷக்கணக்கான வேலை. ஏரிக்கும் சாலைக்கும் பதில் சொல்லும் ஊழியர் ஊர்தோறும் உண்டா என்று கேட்பதே வாக்காளர் கடமை. கேளாவிடில், கட்சி கரையும்போது தலைவருக்கு வேறு மேடை கிடைக்கும்; வாக்களித்தவனுக்கு எது கிடைக்கும்?