காலந்தாழ்ந்த சொல்

குரலையும் உருவத்தையும் இணையவலையில் அக்கணமே செலுத்தும் முறையைச் சர்வகலாசாலைகள் பல இன்று பாடமாய்ப் போதிக்கின்றன. விதிகளின் பெயர்களை மனனஞ் செய்து அதிற் தேறுதல் கல்வியாகாதென்பது எமது துணிபு.

வலையிற் செல்லும் செய்தி யாவும் சிறு பொதிகளாய்ப் பகுக்கப்படும். கடிதத்திலே ஓரெழுத்துங் குறைதலாகாது. ஆகவே 1981-இல் வரையறுக்கப்பட்ட டி.சி.பி. விதி, தவறிய பொதியை மீண்டும் அனுப்புவிக்கின்றது. உரையாடலின் இயல்போ வேறு. பேச்சு பெரும்பாலும் வினாடிக்கு 50 பொதிகளாய்ச் செல்லும். அவற்றுள் ஒன்று தொலையினும் கேட்போர் பொருளை உணர்வர். அதற்காகக் காத்திருப்பின் பேச்சே தடைப்படும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குட்பட்டிருத்தல் நலமென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கூறுகின்றது. எனவேதான், 1996-இல் வெளியாகி 2003-இல் திருத்தப்பெற்ற ஆர்.டி.பி. விதி, பொதிதோறும் வரிசையெண்ணும் காலக்குறியும் இடுகின்றதேயன்றி, தவறியதை மீட்டுத்தருவதாக உறுதி கூறுவதில்லை.

எதனை இழக்கலாம், எதனை இழத்தலாகாது என்று தெளிவதே இக்கல்வியின் உயிர். ஏடு மட்டும் அத்தெளிவைத் தாராது. ஆய்வுச்சாலையிலே மாணவர் தாமே பொதிகளைத் தவறவிட்டும் தாமதப்படுத்தியும், விளைவைத் தம் செவியாற் கேட்டறிதல் வேண்டும். பரீட்சையும் அவ்வறிவையே சோதித்தல் வேண்டும். நாளை அவர்கள் அமைக்கும் வழியிலே, தொலைவிலுள்ள வைத்தியரிடம் ஒரு நோயாளி பேசுதல் கூடும். அங்கே காலந்தாழ்ந்த சொல், சொல்லாத சொல்லேயாம்.